பதினான்கு மாத்திரைகள்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

கவர்மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் தூக்கிப் போட்டுவிடாதே. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடும். உன் புது நம்பரும் என்னிடம் இல்லை. முகவரியைத் தந்தது உன் மனைவிதான், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கே கூப்பிட்டிருந்தாள். "அண்ணி, படியேறுறப்போ பாதியிலேயே உட்கார்ந்துடுறாரு. கேட்டா ஷூ கயிறு கட்டுறேங்கிறாரு. அவர் போட்டிருக்கிறது செருப்பு" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

வால்வை மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறதாம். நீ நாள் கடத்திக்கொண்டிருக்கிறாயாம். எனக்கு மூன்று விவரம் வேண்டும். எக்கோ ரிப்போர்ட்டின் நகல். வால்வின் துளை எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று அதில் இருக்கும், அந்த எண். நீ கடைசியாகப் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்ட தேதி.

நான்கு வருடத்துக்கு முன்னால் உன் கம்பெனிக்குப் போன் செய்து, உனக்கு இதயத்தில் கோளாறு இருக்கிறது, ஊசியையும் நிறுத்திவிட்டாய் என்று நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. நீ மயங்கி லிஃப்ட் குழிக்குள் விழுந்துவிடுவாயோ என்ற பயத்தில் செய்தேன். உன்னிடம் சொல்லாமல் செய்தது தப்புதான். பயந்தது தப்பு என்று இன்றைக்கும் தோன்றவில்லை.

இதற்குக் கீழே அரைப் பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதலில் நீ பதில் போடு.

அக்கா

*

மார்ச் 15

அக்காவுக்கு,

பிரித்தேன். படித்தேன். லிஸ்ட் போடாமல் உனக்கு மூச்சுவிட வராது என்பதும் மறுபடி ஞாபகம் வந்தது. எக்கோ நகல் கூட இருக்கிறது. துளை ஒன்று புள்ளி ஒன்று. நல்ல வால்வுக்கு நாலுக்கு மேல் இருக்குமாம். கடைசி ஊசித் தேதியைச் சொல்வதாக இல்லை.

உன் போன் வந்த அன்று மேனேஜர் என் டூல் பையையும் இடுப்புப் பெல்ட்டையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். புகார் கேட்கிற போன் முன்னால் உட்கார வைத்தார். பதினோரு மாதம். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு, "பயப்படாதீங்க சார், ஆள் கிளம்பியாச்சு" என்று சொல்வதுதான் வேலை. கிளம்பிப் போன ஆள் நான் தொழில் சொல்லிக்கொடுத்தவன். நான் ஒரு நாற்காலியை நகர்த்தினாலும் நாலு பேர் ஓடிவந்து பிடிப்பார்கள். அக்கறைதான், தெரிகிறது. அந்த அக்கறை தாங்காமல்தான் ஊரைவிட்டே வந்தேன்.

இங்கே சின்ன கம்பெனி. யாருக்கும் எதுவும் தெரியாது. மோட்டார் அறை எப்போதும் மொட்டை மாடியில். லிஃப்ட் நன்றாக ஓடுகிற கட்டடத்துக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை. ஆகவே ஒன்பது மாடியும் நடைதான். போன வருடம் ஆறாவது மாடியில் ஒருமுறை நின்றேன். இப்போது இரண்டாவதில் நிற்கிறேன். ராத்திரி மூன்று தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது. இதை நான் சொல்லாவிட்டாலும் உன் ஒற்றர் சொல்லியிருப்பாள்.

டாக்டர் இளவயதுக்காரர். படத்தில் வால்வு தழும்பேறிச் சுருங்கியிருப்பதைக் காட்டிவிட்டு, "சின்ன வயசுல தொண்டை வலி வந்து, மருந்தை முழுசா சாப்பிடாம விட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். "சான்ஸே இல்ல டாக்டர். எங்க அக்கா எண்ணி எண்ணிக் கொடுத்தவ" என்றேன். "அப்படியும் சிலருக்கு வந்துடும்" என்று சொல்லி ஏதோ எழுதிக்கொண்டார்.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. அதற்காக உண்மையை மாற்றிச் சொல்ல முடியாதே. அதனால் அப்படிச் சொன்னேன்.

எங்கள் மகள் வாலு நலம். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் பல்லைத்தான் காட்டுகிறாள்.

தம்பி

*

மார்ச் 24

தம்பி,

டாக்டரிடம் நீ சொன்னது உண்மையில்லை. நான் எண்ணிக் கொடுக்கவில்லை.

உனக்கு ஏழு வயது, எனக்குப் பதினான்கு. அப்பா போய் ஒரு வருடம். ஹோட்டல் லாண்டரி வேலைக்கு அம்மா விடியும் முன்னே கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவாள். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்த இரண்டு அறை வீட்டில் நீயும் நானும்தான். முதலில் தொண்டை வலி எனக்குத்தான் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை, நாலு நாளில் தானாகச் சரியாயிற்று. அடுத்த வாரம் உனக்கு. உனக்குக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அம்மா அரை நாள் லீவு போட்டு டாக்டரிடம் தூக்கிப்போனாள். காலை ஒன்று, மாலை ஒன்று, பத்து நாள், நடுவில் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அம்மா அப்படியே என்னிடம் ஒப்பித்துவிட்டு, மாத்திரை அட்டைகளை என் கையில் கொடுத்தாள்.

மூன்று நாள் கொடுத்தேன். நீ பல்லைக் கடித்துக்கொள்வாய், துப்புவாய், ஒருமுறை என் பள்ளிக்கூடச் சட்டைமேலேயே வாந்தி எடுத்தாய். ஒரு மாத்திரைக்கு அரை மணி நேரம். அப்போது பள்ளியில் நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. தாமதமாக வருகிறவர்களை எடுத்துவிடுவேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான்காம் நாள் காலை உனக்குக் காய்ச்சல் இல்லை. கட்டில்மேல் குதித்துக்கொண்டிருந்தாய். நான் கொடுக்கவில்லை. சாயந்திரம் ஒத்திகை முடிந்து வந்தும் கொடுக்கவில்லை. மறுநாள் அம்மா கேட்டபோது "கொடுத்துட்டேன்மா" என்றேன். ஒருமுறை சொல்லிவிட்ட பிறகு பத்தாம் நாள் வரை அதையே சொல்ல வேண்டியதாயிற்று. மீதி பதினான்கு மாத்திரைகளையும் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். காலி அட்டைகளை அம்மா கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன்.

நாடகத்தில் எனக்குக் கூட்டத்தில் நிற்கிற வேடம். ஒரு வசனம்கூடக் கிடையாது.

மூன்று வாரம் கழித்து உன் முழங்கால் வீங்கிற்று. அது வடிந்து கணுக்கால் வீங்கிற்று. பிறகு நெஞ்சு படபடக்கிறது என்று அழுதாய். அம்மா உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். நான் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று எனக்கு அப்போது தெரியாது. இதை நீ நம்ப வேண்டும்.

தெரிந்தது இருபதாவது வயதில், லேப் படிப்பு படித்தபோது. நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பியில்தான் பழகி வெளியே வருகிறது என்று வாத்தியார் சொன்னார். எது நம் உடம்பு, எது வெளியாள் என்று பிரித்துப் பார்க்க அங்கே பழகுகின்றன. சொந்த உடம்பைத் தாக்கக் கூடியவை அங்கேயே அழிக்கப்படும். சில தப்பி வந்துவிடும். அவற்றையும் உடம்பு அடக்கியே வைத்திருக்கும். பிறகு அவர் கரும்பலகையில் இரண்டு புரதங்களை வரைந்தார். ஒன்று தொண்டையில் வருகிற ஒரு கிருமியின் மேலுறையில் இருப்பது. இன்னொன்று இதயத்தில் இருப்பது. இரண்டும் ஒரே ஜாடை. கிருமியை அழிக்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள், ஜாடையில் ஏமாந்து இதய வால்விலும் போய் ஒட்டிக்கொள்கிறது. பின்னாலேயே அந்த அணுக்களும் போகின்றன. கிருமி போன பிறகும் அவை ஓய்வதில்லை. வால்வு புண்ணாகித் தழும்பேறுகிறது. உடம்பு தன்னையே தாக்குகிற நோய்கள் பல உண்டு, காரணம் இன்னதென்று அடித்துச் சொல்ல முடியாதவைதான் அதிகம், ஆனால் இதற்குத் தொடக்கம் எதுவென்று தெரியும், ஆரம்பத்திலேயே கிருமியை முழுசாக ஒழித்துவிட்டால் பெரும்பாலும் இது வராமல் தடுத்துவிடலாம், அதற்குத்தான் அந்தப் பத்து நாள் என்று சொல்லி அவர் அடுத்த பாடத்துக்குப் போனார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கல்லூரிக் குழாயடியில் முகம் கழுவினேன், கழுவினேன், நிறுத்த முடியவில்லை.

அந்தத் தொண்டை வலி வருகிற எல்லாருக்கும் இது வருவதில்லை. மருந்தே சாப்பிடாதவர்களில்கூட நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் வருகிறது. அதே கிருமி என் தொண்டையிலும் இருந்தது, என் வால்வு நன்றாக இருக்கிறது. பிறப்பிலேயே உன் உடம்பின் வாகு அப்படி. பத்து நாளும் கொடுத்திருந்தால் உனக்கு வந்தே இருக்காது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. இதையெல்லாம் எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். இந்தப் பாராவை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நீ நினைப்பாய். கொஞ்சம் அப்படித்தான்.

அக்கா

*

ஏப்ரல் 22

தம்பி,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து எதுவும் இல்லை. உன் மனைவியும் போனை எடுப்பதில்லை. உன்னைத் தொந்தரவு செய்ய இதை எழுதவில்லை. போன கடிதத்தில் நான் விட்டுவிட்டது ஒன்று இருக்கிறது.

உனக்கு முழங்கால் வீங்குவதற்கு ஒரு வாரம் முன்னால், பஸ் தவறிப்போய், அம்மா உன்னை மழையில் நடத்திக் கூட்டிவந்தாள். ஆஸ்பத்திரி நடைபாதையில் எல்லார் முன்னாலும் சித்தி அம்மாவைப் பார்த்து, "பிள்ளைய மழையில நனைய விட்டவ நீ. இனி உட்கார்ந்து அழு" என்று சொன்னார். அம்மா மறுத்துப் பேசவில்லை. கூடப்பிறந்த தங்கை சொல்லியும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அதன் பிறகு அம்மாவுக்கு மழை என்றால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். முதல் தூறலுக்கே ஜன்னல் எல்லாம் அடைத்துவிட்டுத் துண்டோடு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். நீ பெரியவனாகி, மீசை வந்த பிறகும்.

மழைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. இருபது வயதில் எனக்கு அது தெரிந்துவிட்டது. அம்மா அதற்கப்புறம் பதினைந்து வருடம் உயிரோடு இருந்தாள். ஒரு வரி போதும், சொல்லியிருக்கலாம். சொன்னால் "அப்போ எதனாலடி வந்தது?" என்று அடுத்துக் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து சொல்லவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அம்மா என்னிடம், "அவன நனைய விட்டுட்டேன்" என்றாள். நான் போர்வையைச் சரிசெய்தேன்.

அக்கா

*

மே 4

அக்காவுக்கு,

மாத்திரை பற்றிய உன் கடிதத்துக்கு இரண்டு தடவை பதில் எழுதினேன், தபாலில் சேர்க்கவில்லை. அம்மாவைப் பற்றிய கடிதம் வந்த பிறகு தயக்கம் போய்விட்டது. வெறும் கோபம்தான் இப்போது.

மாத்திரையை விட்டுவிடு. பதினாலு வயதுப் பெண்ணிடம் ஒரு குழந்தையையும் ஒரு வீட்டையும் கொடுத்துவிட்டுப் போனால் என்னென்னவோ நடக்கும். வேறு யாராவது இந்தக் கதையைச் சொன்னால் அந்தப் பெண்ணை நான் பாவம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் அந்தக் கிருமி மறுபடி தொற்றாமல் இருக்க இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை என் கையைப் பிடித்து ஊசிக்குக் கூட்டிப்போனாயே, அது என்ன? குழம்பு மாதிரி கெட்டியான அந்த மருந்தை இடுப்பில் ஏற்றும்போது உன் மணிக்கட்டை நான் நசுக்குவேன், நீ ஒன்றும் சொல்லமாட்டாய். கார்டில் முத்திரை வாங்கிப் பைக்குள் வைப்பாய். இருபது வருடத்தில் ஒரு தேதி தவறியதில்லை. என் அக்கா மாதிரி யாருக்கு உண்டு என்று நான் பீற்றிக்கொள்ளாத ஆள் கிடையாது. இப்போது அதையெல்லாம் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டாயா, இல்லை உன் தப்பைப் பார்த்துக்கொண்டாயா? பாசமா அது, பயமா? கம்பெனிக்குப் போன் போட்டதுகூட எனக்காகவா, உனக்காகவா? எனக்குத் தெரியவில்லை. என் சின்ன வயசு முழுக்க இனி எனக்கு இப்படித்தான் தெரியும்.

அம்மா விஷயம் வேறு. ஊசி போடும் அறைக்குள் அம்மா வரவே மாட்டாள், ஞாபகம் இருக்கிறதா? வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என் வலியைப் பார்க்க முடியாமல் நிற்கிறாள் என்று நினைத்தேன். தான் செய்ததைப் பார்க்க முடியாமல் நின்றிருக்கிறாள். அவள் செய்யாததை. நீ அவளைத் தாண்டித்தான் என்னை உள்ளே கூட்டிப்போவாய்.

அம்மாவிடம் இனி யாரும் சொல்ல முடியாது. சித்தி இருக்கிறார். இன்றைக்கும் யார் கேட்டாலும், "எங்க அக்கா அஜாக்கிரதை, அதான் பையனுக்கு இப்படி" என்பார். போய் அவரிடம் சொல். என்னிடம் கடிதத்தில் சொன்ன மாதிரி இல்லை. முகத்தைப் பார்த்துச் சொல்.

ஆபரேஷனுக்கு நீ வர வேண்டாம்.

தம்பி

*

மே 13

தம்பி,

வரமாட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். லேப் படிப்பில் அந்த வகுப்புக்கு முன்னால் ஆறு வருடம் உன்னை ஊசிக்குக் கூட்டிப்போனேன். அப்போது என் தப்பு என்னவென்றே எனக்குத் தெரியாது. ஆகவே அது பாசம் என்று சொல்லிக்கொள்ளலாம். முழுக்க அதுவும் நிஜமில்லை. பொய் சொன்னது எங்கோ உறுத்திக்கொண்டுதான் இருந்தது. உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டு நொண்டியபடி வெளியே வந்தாய். தூணருகே நின்ற அம்மாவிடம் "வலிக்கவே இல்லம்மா" என்றாய். தெரு திரும்பியதும் என் காதுக்குள், "ரொம்ப வலிக்குதுக்கா" என்றாய். உன்னை முதுகில் தூக்கிக்கொண்டேன். அதற்கப்புறம் எது பயம், எது பாசம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. வகுப்புக்குப் பிறகு பயம்தான் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். கம்பெனிக்குப் போன் செய்தது பயத்தில்தான். நீ விழுந்தால் நான் தள்ளிவிட்டதாகும் என்ற பயம்.

சித்தி வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அவருக்குக் கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். சொட்டு மருந்து விட்டேன். ஒரு மணி நேரம் கண்ணைப் பற்றியே பேசினோம். சொல்லாமல் திரும்பிவிட்டேன். பொய் சொல்லியிருந்தால் இதையும் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

லேபுக்குத் தொண்டைக் காய்ச்சலோடு வரும் குழந்தைகளின் அம்மாக்களிடம், "காய்ச்சல் போனாலும் பத்து நாளும் கொடுங்க" என்று சொல்வது எனக்கு வழக்கம். டாக்டர்கூட அவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதில்லை என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஊசியை மட்டும் மறுபடி தொடங்கு. இது பயமோ பாசமோ, எதுவாக இருந்தாலும் தொடங்கு.

அக்கா

*

ஜூன் 30

அக்காவுக்கு,

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுத வைத்தவள் வாலு.

பதினைந்து நாளைக்கு முன்னால் அவளுக்குத் தொண்டை வலி, காய்ச்சல். என் கதை தெரிந்ததால் டாக்டர் உடனே தொண்டையில் பஞ்சை விட்டுச் சோதித்தார். அதே கிருமி. அதே பத்து நாள். அவள் அம்மாவுக்கு அந்த வாரம் கடையில் சரக்கு எண்ணும் வேலை, பொழுது சாய்ந்துதான் வருவாள். எனக்கு டாக்டர் ஓய்வு சொல்லியிருப்பதால் நான் வீட்டில். ஆக மருந்து என் பொறுப்பு. இந்தக் காலத்தில் இனிப்பான திரவமாகவே கொடுக்கிறார்கள், அளவு ஊற்ற மூடி, நாள் போட்டுக் குறிக்க ஃபிரிட்ஜில் ஒரு தாள். எல்லாம் தெரிந்தவன், முப்பத்தைந்து வயது, நெஞ்சில் சுருங்கின வால்வை வைத்துக்கொண்டிருக்கிறவன்.

நான்காம் நாள் அவள் சோபாமேல் ஏறிக் குதித்தாள். ஐந்தாம் நாள் மாலை நான் கொஞ்சம் படுத்தேன், தூங்கிவிட்டேன். மருந்து ஞாபகமே இல்லை. ஆறாம் நாள் காலை அவள் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பியபோது, எனக்கு மூச்சு வாங்கிற்று, சரி மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மத்தியானம் ஃபிரிட்ஜ் தாளைப் பார்த்தேன். இரண்டு கட்டம் காலி. அவள் அம்மா வந்து பார்ப்பாளே என்று பேனாவை எடுத்து இரண்டையும் குறித்துவிட்டேன். குறித்த பிறகுதான் என் கை செய்ததை நான் பார்த்தேன்.

அவள் அம்மா வந்ததும் சொல்லிவிட்டேன். டாக்டருக்குப் போன் செய்தோம். விட்டதை விட்டுவிட்டுத் தொடர்ந்து கொடுங்கள், பத்து நாள் கணக்கை முடியுங்கள் என்றார். முடித்தோம். வாலு நலம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல இதை எழுதவில்லை. மன்னிப்பது அவ்வளவு சுலபமாக இருக்குமென்றும் தோன்றவில்லை. நீ சொல்லிவிட்டாய், நான் இன்னும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். கடைசி ஊசித் தேதி கேட்டாய். ஏழு வருடத்துக்கு முன்னால், அம்மா போன மாதம். தூணருகே யாரும் நிற்காத அந்த ஆஸ்பத்திரிக்குப் போகப் பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டேன். தனியாகப் போய்ப் போட்டுக்கொள்கிறேன் என்று உன்னிடம் சொல்லிவந்தேன், மூன்று வருடம் கழித்துத்தான் நீ கண்டுபிடித்தாய். இந்த ஏழு வருடத்தில் இரண்டு தடவை எனக்குத் தொண்டைக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் முறை முழங்காலும் வீங்கிற்று. எனக்குத் தெரியும் அது என்னவென்று. யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் வால்வு இன்னும் கெட்டுப்போகும், ஊசி போட்டிருந்தால் இவ்வளவு சுருங்கியிருக்காது என்று ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் ஜனவரியிலேயே சொன்னார். உன் மார்ச் கடிதத்தைப் படித்து உன்மேல் எரிந்துகொண்டிருந்தபோது இதுவும் எனக்குத் தெரியும். முழுப் பழியும் உன்மேல் விழட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு லிஃப்ட் கீழே விழுந்துவிட்டால் ஒரே ஒரு காரணத்தோடு யாரும் திரும்பி வரமாட்டோம். கயிறு தேய்ந்திருக்கும், பிரேக் கட்டை தேய்ந்திருக்கும், வேகம் மிஞ்சினால் பிடித்து நிறுத்துகிற கருவியும் துருப்பிடித்திருக்கும். மூன்றும் சேர்ந்தால்தான் விழும். அதற்காக யார்மேலும் தப்பில்லை என்று அறிக்கை எழுத மாட்டோம். எதை யார் பார்க்காமல் விட்டார்கள் என்று பெயரோடு எழுதுவோம். இதில் உன் பெயர் இருக்கிறது. என் பெயரும் இருக்கிறது. பிறக்கும்போதே கூட வந்ததற்குப் பெயர் போட ஆள் இல்லை. அம்மா பெயர் எங்கேயும் இல்லை.

ஜூலை 21 ஆபரேஷன். உலோக வால்வு. வா. டாக்டரிடம் நீ பேசக் கூடாது. நான் பேசிக்கொள்கிறேன்.

சித்தியிடம் சொன்னாயா?

தம்பி

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆயிற்று. உன் மனைவியிடம் தினமும் பேசுகிறேன். இரண்டு மாடி நிற்காமல் ஏறினாயாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறாயே, அதற்கான பரிசோதனை எண்ணையும் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். ஊசியும் தொடங்கிவிட்டாய் என்றாள், கேட்டது நான்தான்.

உன் வீட்டில் இருந்த மூன்று வாரமும் நாம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு தொண்டைக் குழாயை எடுத்ததும் கரகரத்த குரலில் நீ முதலில் கேட்டது, "டாக்டர்கிட்ட பேசினியா?" என்பது. இல்லை என்றேன். "நிஜமா?" என்றாய். "ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய். சிரிக்கப் பார்த்தாய் என்றும், தையல் வலித்ததால் நிறுத்திவிட்டாய் என்றும் நான் நினைத்துக்கொண்டேன். வேறாகவும் இருக்கலாம். வாலு உன் நெஞ்சில் காதை வைத்து உலோக வால்வின் டிக் டிக்கை எண்ணிக்கொண்டிருந்தபோது, அவளை நகர்த்திவிட்டு நானும் கேட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை.

நேற்று சித்தி வீட்டுக்குப் போனேன்.

துவைத்த துணிகளை சோபாவில் குவித்து மடித்துக்கொண்டிருந்தார். உன் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைச் சொன்னேன். "உங்கம்மா மட்டும் அன்னிக்கு ஒரு குடை எடுத்துட்டுப் போயிருந்தா" என்று வழக்கம்போல ஆரம்பித்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். மாத்திரை, ஒத்திகை, கழிவறை, காலி அட்டை, அம்மாவிடம் சொன்ன பொய், லேப் படிப்பில் தெரிந்தது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது, எல்லாம். மழையால் இந்த நோய் வராது சித்தி, அம்மாமேல் ஒரு துளி தப்பும் இல்லை என்றேன்.

அவருக்குப் புரிய நேரமாயிற்று. "வராதா?" என்று இரண்டு முறை கேட்டார். வராது என்றேன். கையில் இருந்த தலையணை உறையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நான் அத்தனை பேர் முன்னாடி சொன்னேனே. அவ ஒரு வார்த்தை திருப்பிப் பேசலியே. நான் சொன்னது சரி, அதான் பேசலன்னு இருந்துட்டேன்."

அப்புறம் சொன்னார். அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்து பார்க்கவில்லையாம். பிள்ளையைக் கெடுத்தவள் என்ற எண்ணம் போகவில்லையாம். வரவில்லை என்பது எனக்குத் தெரியும், நான்தான் அம்மா பக்கத்தில் இருந்தேன். யாரோ வருவார்கள் என்று அம்மா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை சித்தியிடம் சொல்லவில்லை. இது ஒன்றையாவது மறைத்ததற்கு நீ என்னைத் திட்டமாட்டாய் என்று நினைக்கிறேன்.

சித்தி என்னை ஏதாவது சொல்வார், வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்றுதான் நின்றிருந்தேன். திட்டவில்லை. அழுதார். தலையணை உறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் இப்போ அவகிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்டார்.

ஏழு வருடமாக நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கும் தெரியவில்லை சித்தி என்றேன்.

அவர் துணிக்குவியலைக் கையால் ஒதுக்கிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இடம் கிடைத்தது. உட்கார்ந்தேன்.

அக்கா